விலக்குப் பெற்ற நபர்

ஆல்டன்பரோ கல்லூரியில் கெட்ட செய்தி எதுவும் கெட்ட செய்தியாக வராது. ‘மகிழ்ச்சியான அறிவிப்பு’ என்ற தலைப்போடுதான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தை மூடியபோது, ‘உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கே திரும்பக் கிடைக்கின்றன’ என்று எழுதினார்கள். வேதியியல் துறையில் மூன்று பேராசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, துறை ‘இலகுவாகியிருக்கிறது’ என்றார்கள். ஆகவே மார்ச் மாதத்து முதல் திங்கள்கிழமை காலையில், ‘உங்கள் உதவித்தொகை பற்றி ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு’ என்று மின்னஞ்சல் வந்ததும் தவோங்கா கோண்ட்வே முதலில் அறைக் கதவைத் தாழிட்டாள், பிறகுதான் அதைத் திறந்தாள்.

அவள் உயிரியல் இரண்டாம் ஆண்டு. மலாவி நாட்டில் ரும்பி என்ற ஊரிலிருந்து, ‘முழு உதவித்தொகை’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி அயோவா மாநிலத்துச் சோளக்காட்டு நடுவில் வந்து இறங்கியவள். முழு என்றால் முழு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளை அனுப்பி வைத்த அம்மா ஒரு தலைமையாசிரியை. அவருக்கும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தெரிந்திருக்கவில்லை.

மின்னஞ்சல் எட்டு வரி வரைக்கும் அவளைப் பாராட்டியது. ஒன்பதாவது வரியில் விஷயம் வந்தது. உதவித்தொகையில் படிப்புக் கட்டணம் போக, விடுதி அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பங்கு அரசாங்கத்தின் பார்வையில் அவளுடைய வருமானம். அதற்குரிய வரியை அவள் கட்ட வேண்டும். கட்டும் வரை அவள் பெயரில் ஒரு தடை இருக்கும். கடைசியில் கல்லூரிச் சின்னமான அணில் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

தொகை அம்மாவின் பதினோரு மாதச் சம்பளம். ஆனால் அவளைப் பயமுறுத்தியது தொகை அல்ல, அந்தத் தடை என்ற சொல்தான். தடை இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது. ஏப்ரல் பதினேழு மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்யாவிட்டால் மாணவி இல்லை. மாணவி இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் பதினைந்து நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் எல்லோருக்கும் இந்தப் படிகள் மனப்பாடம்.

பக்கத்து அறை பெகிமாய் கிர்கிஸ்தான்காரி, நான்காம் ஆண்டு. இந்தக் கல்லூரியின் எல்லா அலுவலகங்களிலும் அடிபட்டு மீண்டவள். அவளிடம்தான் தவோங்கா முதலில் ஓடினாள்.

"அணில் படம் இருந்துச்சா?" என்று கேட்டாள் பெகிமாய்.

"இருந்துச்சு."

"அணில் வந்தா விஷயம் பெருசுடி. வெறும் சோள படம்னா சைக்கிளைத் தப்பா நிறுத்திட்டன்னு அர்த்தம்."

"உனக்கு வரலையா?"

"எனக்கு வராது. எங்க நாட்டுக்கு ஏதோ பழைய ஒப்பந்தம் இருக்காம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போன ஒரு நாடு போட்டுட்டுப் போன கையெழுத்து. செத்த நாடே எனக்கு இவ்வளவு பண்ணியிருக்கு, உன் நாடு உசுரோட இருந்து என்னடி பண்ணுது?"

தவோங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெகிமாய் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சரி, போய்ப் பாரு. வரி ஆபீஸ்ல கர்ட்னு ஒருத்தர் புதுசா வந்திருக்காரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அங்க அழாத. அழுதா மனநல ஆலோசனைக்கு அனுப்புவாங்க. அதுக்கு ஒரு தனி படிவம்."

வரி இணக்க அலுவலகம் உடற்பயிற்சிக் கூடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கதவில் ‘கேள்விகளை வரவேற்கிறோம்’ என்றும், அதன் கீழே ‘செவ்வாய் 10.00 முதல் 10.40 வரை’ என்றும் ஒட்டியிருந்தது. கர்ட் லிண்ட்குவிஸ்ட் ஐம்பது வயதுக்காரர். வாத்துப் படம் போட்ட கம்பளிச் சட்டை. முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தவோங்காவைக் கலவரப்படுத்தியதும் அதுதான்.

"உக்காருங்க. சார்னு கூப்பிட வேண்டாம், கர்ட்னே கூப்பிடுங்க. இங்க எல்லாரும் சமம்."

"சரி சார்."

"மிட்டாய் எடுத்துக்கோங்க." கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு. ஒண்ணு வரைக்கும் பரவாயில்ல. அதுக்கு மேல போனா வருமானம்னு எழுதணும்."

அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "சார், போன வருஷம் இப்படி எதுவும் வரலையே."

"போன வருஷமும் சட்டம் இருந்துச்சு. நான் இல்ல."

"பணம் எதுவும் என் கைக்கு வரவே இல்ல சார்."

"அதுதான் வருத்தம். வந்திருந்தா, வர்ற வழியிலேயே பிடிச்சிருப்போம். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பீங்க."

"சாப்பாடுதானே சார் குடுத்தீங்க?"

"அதேதான்." கர்ட் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்தார். "படிப்புக்கு வரி கிடையாது பாருங்க. ஏன்னா எங்க படிப்பால உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. சாப்பாடு அப்படி இல்ல. சாப்பிட்டா பசி அடங்குது. அது கண்ணால பாக்கற ஆதாயம்."

"அறையும் அப்படியா?"

"அறை இன்னும் தெளிவு. போன ஜனவரி பனிப்புயல்ல நீங்க வெளியில நின்னீங்களா?"

"இல்ல சார். உள்ளதான் இருந்தேன்."

"பாருங்க" என்று சொல்லி அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

அவர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். வெளிநாட்டவருக்கென்று கணினியில் ‘வழிகாட்டி’ என்று ஒன்று இருந்தது. அது கேட்கிற கேள்விகளுக்கு உண்மையான பதில் சொன்னால், அவள் யார் என்பதை அதுவே சொல்லிவிடும். பொய் சொன்னால் சிறை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அடுத்த திங்கள் மாலை அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு கேள்விகள். உங்களுக்கு எண்ணெய்க் கிணறு உண்டா? இல்லை. பந்தயக் குதிரை? இல்லை. சூதாட்டத்தில் ஜெயித்தது? இல்லை. குதிரை எதுவும் தன் பெயரில் எங்காவது இருந்து தொலைக்குமோ என்று ஒரு கணம் யோசித்தாள். சென்ற ஆண்டு இந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள்? டிக்கெட்டுக்குக் காசில்லாததால் அவள் ஊருக்கே போகவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து என்று அடித்தாள். வழிகாட்டி சற்று நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. ‘தவோங்கா கோண்ட்வே, நீங்கள் ஒரு விலக்குப் பெற்ற நபர்.’

அவள் அதை நான்கு முறை படித்தாள். கடைசிப் பக்கத்தில், சொன்னதெல்லாம் சத்தியம் என்று கையெழுத்துப் போட்டாள். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, அது கக்கிய தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நேராக உணவுக்கூடத்துக்குப் போய் ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டாள். வயிறு நிறைந்து அவள் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

மறுநாள் செவ்வாய் பத்து மணிக்கு அந்தத் தாளோடு போய் நின்றாள்.

"இதுல விலக்குன்னு போட்டிருக்கு சார்."

"ஆமா. விலக்குதான்." கர்ட் சந்தோஷமாகத் தலையாட்டினார். "எண்ணிக்கையில இருந்து விலக்கு. வரியில இருந்து இல்ல."

"புரியல சார்."

"மாணவர் விசாவுல வர்றவங்களை முதல் அஞ்சு வருஷம் எண்ணறதில்ல. அதான் விலக்கு. போன வருஷம் நீங்க இங்க எத்தனை நாள் இருந்தீங்க?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் சார்."

"பூஜ்யம்."

"நான் எங்கயும் போகல சார். இங்கயே இருந்தேன்."

"போனீங்கன்னு யாரும் சொல்லல. இருந்தீங்க. ஆனா இருந்ததா எண்ணறதுக்கு இல்ல. சட்டத்துக்கு முன்னாடி நீங்க இங்க இல்ல."

தவோங்கா யோசித்தாள். அவள் கெட்டிக்காரப் பெண். பயத்திலும் தருக்கம் அவளை விட்டுப் போகவில்லை. "அப்ப சாப்பிட்டது யாரு சார்?"

கர்ட் முதல் முறையாக அவளை உண்மையான ஆர்வத்தோடு பார்த்தார். "நல்ல கேள்வி. சாப்பிட்டது நீங்கதான். இருக்கறது வேற, சாப்பிடறது வேற. சட்டம் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதே இல்ல. நீங்கதான் குழப்பிக்கறீங்க."

அன்று மதியம் அவள் உணவுக்கூட வாசலில் சாப்பாட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அட்டையைப் பொறியில் தேய்த்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். ஒன்றரை வருடமாகக் கேட்ட சத்தம். அன்றைக்கு அது, எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவர் தன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுகிற சத்தமாகக் கேட்டது. அவள் திரும்பி நடந்தாள். சாப்பிடாமல் இருந்தால் வரி குறையுமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இதுவரை கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படிவம் முளைத்திருந்தது. உண்மையில் ஒரு பைசா குறையாது. சாப்பாட்டுத் திட்டம் பருவத்துக்கு மொத்தமாக விதிக்கப்படுவது, உண்டாலும் பட்டினி கிடந்தாலும் வரி ஒன்றுதான். இதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவரின் கேள்வி நேரம் அந்த வாரத்துக்கு முடிந்துவிட்டது.

அதன்பிறகு அவள் உணவுக்கூடத்துப் பக்கமே போகவில்லை. பெகிமாய்தான் தன் சாப்பாட்டிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் கடத்திக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"சாப்பிடு. இது கிர்கிஸ்தான் தர்ற நிதியுதவி. கோட்டுப் பையில வர்றதுக்கு வரி கிடையாது."

"நிச்சயமா தெரியுமா?"

"தவோங்கா, இது முட்டைடி."

"யாராவது பாத்திருப்பாங்களா?"

இந்தப் பெண்ணின் கன்னம் ஒட்டிப்போயிருப்பது பெகிமாய்க்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. வகுப்புகளுக்குத் தவோங்கா ஒழுங்காகப் போனாள். மரபியல் வகுப்பில் இரண்டு முறை மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

ஏப்ரல் முதல் தேதி கல்லூரியில் ‘ஒரே உண்மை’ தொடங்கி வைக்கப்பட்டது. தேதியைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை. அதுவரை பதிவாளர் அலுவலகம், வரி அலுவலகம், உணவுக்கூடம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணினியில் தனித்தனி உண்மைகளை வைத்திருந்தன. ‘இனி ஒரு மாணவரைப் பற்றி ஆல்டன்பரோவில் ஒரே ஓர் உண்மைதான் இருக்கும்’ என்று கல்லூரித் தலைவர் அறிவித்தார். எல்லாக் கணினிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரே மாணவரைப் பற்றி இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாகச் சொன்னால், சிறைத்தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடப்பட்ட தகவல் எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு. வழிகாட்டியில் போட்ட கையெழுத்து மட்டும்தான் அப்படிப்பட்டது; அதன் கணக்கில், விலக்குப் பெற்றவர்கள் இங்கே இருந்த நாள் பூஜ்யம். இதன் விளைவாக அன்று காலை எட்டரை மணிக்கு, அந்தக் கல்லூரியின் நாற்பத்து மூன்று வெளிநாட்டு மாணவர்களும் இல்லாமல் போனார்கள்.

பெரிய கலவரம் எதுவும் ஆகவில்லை. அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. கணினி உணவுக்கூடத்துப் பொறியைப் பார்த்தது. கடந்த மூன்று வாரத்தில் அட்டை தேய்த்தவர்களை எல்லாம் ‘தற்காலிகமாக இருப்பவர்கள்’ என்று ஏற்றுக்கொண்டது. பத்தரை மணிக்குள் நாற்பத்திரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

தவோங்கா வரவில்லை. ‘மகிழ்ச்சியான அறிவிப்பு’ என்று தொடங்கியது அவளுக்கு வந்த மின்னஞ்சல். ‘நீங்கள் சென்ற ஆண்டு இங்கே பூஜ்ய நாட்கள் இருந்ததையும், இந்த ஆண்டு மார்ச் பத்தாம் தேதிக்குப் பிறகு எதுவும் உண்ணாததையும் உறுதி செய்துள்ளோம். இல்லாதவருக்கு வழங்கப்பட்ட உதவித்தொகை திரும்பப் பெறப்படுகிறது.’ ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. கர்ட்.

"பாத்தீங்களா? உங்க வரிப் பிரச்சினை முழுசா தீர்ந்துடுச்சு. உதவித்தொகையே இல்ல, அப்புறம் வரி எங்கிருந்து வரும்? நானே முதல்ல சொல்லணும்னு நெனச்சேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே டார்லீன் என்கிற அம்மாள். எல்லாரையும் கண்ணு என்பார். நாற்பத்து மூன்று பேரின் பிறந்த நாளும் அவருக்குத் தெரியும்.

"கண்ணு, நீ என் எதிர்ல உக்காந்திருக்க. அது எனக்குத் தெரியுது. ஆனா நான் டார்லீனா பாக்கறது வேற, ஆபீஸரா பாக்கறது வேற."

"ஆபீஸரா பாத்தா என்ன மேடம் தெரியுது?"

"காலி நாற்காலி கண்ணு." டார்லீனின் கண் உண்மையிலேயே கலங்கியது. "நீ இல்லைன்னா, இல்லைன்னு நான் வாஷிங்டனுக்குச் சொல்லியாகணும். சொல்லிட்டா பதினஞ்சு நாள்ல நீ நாட்டை விட்டுக் கிளம்பணும்."

"இல்லாதவ எப்படி மேடம் கிளம்பறது?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு." சொல்லிவிட்டு டார்லீன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நான் பதினேழாம் தேதி வரைக்கும் தள்ளிப் போடறேன். அதுக்குள்ள இருப்புக் குழுகிட்ட போயி நீ இருக்கேன்னு நிரூபி. நீ நல்ல பொண்ணு. உனக்கு இருக்கறது வரும்."

இருப்புக் குழு எட்டாம் தேதி கூடியது. நீள மேசையின் அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் டீன் ஹாலரன். மேசை ஓரத்தில் கர்ட் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். தவோங்கா தன்னிடம் இருந்த ஒரே நல்ல உடையை உடுத்தியிருந்தாள். அது இப்போது தோளில் நிற்காமல் வழுக்கியது.

டீன் எழுந்து நின்றார். "தவோங்கா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாங்க உங்களைப் பாக்கறோம். உங்களைக் கேக்கறோம். ஆல்டன்பரோவுல ஒவ்வொரு மாணவரும் பாக்கப்படறாங்க. அதுக்காக நாங்க போன வருஷம் மூணு பேரை வேலைக்கு வச்சோம். நீங்க இங்க இருக்கீங்களா இல்லையாங்கறது வேற விஷயம், அதை ஆதாரம் முடிவு பண்ணும். ஆனா இருக்கீங்களோ இல்லையோ, நீங்க எங்களுக்குச் சொந்தம்."

"நன்றி மேடம்" என்றாள் தவோங்கா. "நான் உங்க முன்னாடிதான் நிக்கறேன்."

"அதை நாங்க எடுத்துக்க முடியாது. நாங்க தீர்ப்பு சொல்றவங்க. நாங்களே சாட்சியா இருந்தா பாரபட்சம் ஆயிடும்."

மரபியல் பேராசிரியரை அழைக்கலாமா என்று அவள் கேட்டாள். மாணவர் அந்தரங்கச் சட்டப்படி, ஒரு மாணவி வகுப்புக்கு வந்தாளா என்று பேராசிரியர் சொல்ல வேண்டுமானால் அந்த மாணவி சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்று குழுவில் இருந்த பதிவாளர் சொன்னார். போடுகிறேன் என்றாள். தற்போது இருக்கிற மாணவிகள்தான் போட முடியும் என்றார். வெளியே காத்திருந்த பெகிமாயைக் கூப்பிட்டார்கள். அவளே தற்காலிகமாகத்தான் இருக்கிறாள் என்பதால் இன்னொருத்தியின் இருப்புக்குச் சாட்சி சொல்லத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். போகிற போக்கில் அவள் கிர்கிஸ் மொழியில் என்னவோ சொன்னாள். குறிப்பெடுக்கிறவர் அதை ‘வாழ்த்து’ என்று பதிவு செய்தார்.

"அப்ப சாப்பாட்டுப் பதிவு ஒண்ணுதான் மிச்சம்" என்றார் டீன். "கர்ட்?"

"அருமையான பதிவு மேடம்" என்றார் கர்ட். "ஆகஸ்டுல இருந்து மார்ச் பத்து வரைக்கும் ஒரு வேளை விடல. அதுக்கு முந்தின ராத்திரி ரெண்டு துண்டு ஆப்பிள் பை. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. என் அனுபவத்துல, இது ஊரை விட்டுப் போனவங்களோட பதிவு."

"ஏன் சாப்பாட்டை நிறுத்தினீங்க?" என்று கேட்டார் டீன்.

தவோங்கா ஐந்து முகங்களையும் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. எந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை. "பயமா இருந்துச்சு மேடம்."

குறிப்பெடுக்கிறவர் கணினித் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "மன்னிக்கணும். இதுல மருத்துவக் காரணம், மதக் காரணம், உணவு பிடிக்கவில்லைன்னு மூணுதான் இருக்கு. பயம் இல்ல."

"எதைப் பாத்துப் பயம்?" என்றார் டீன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இங்க எல்லாரும் எவ்வளவு அன்பா இருக்கோம்."

குறிப்பெடுக்கிறவர் ‘உணவு பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். உணவுக்கூடத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் தானாகவே போனது.

குழு கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் பேசியது. தீர்ப்பு கருணையுள்ளது என்று டீனே சொன்னார். ஏழு நாள் சோதனை இருப்பு. நாளைக் காலையிலிருந்து, நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் இருபத்தொரு முறை அவள் அட்டையைத் தேய்த்துச் சாப்பிட வேண்டும். இருபத்தொன்றும் பதிவானால் அவள் இருக்கிறாள். இருபதென்றால் இல்லை.

மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு அவள் உணவுக்கூடத்துக்குப் போனாள். பொறியின் பக்கத்து முக்காலியில் லவோன் உட்கார்ந்திருந்தார். தலையில் வலை, மூக்கில் கண்ணாடி, அறுபது வயது அம்மாள். பத்தொன்பது வருடமாக அதே முக்காலி.

"அடிப் பொண்ணே, எங்கடி போன?" என்றார் லவோன். "ஒரு மாசமா ஆளையே காணோம். உன் வகுப்புப் பசங்களைக் கேட்டேன், கிளாஸுக்கு வர்றாள்னாங்க. உடம்பு சரியில்லையோ என்னவோன்னு நான் பாட்டுக்குக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன். என்ன இப்படி எலும்பா வந்து நிக்கற?"

தவோங்கா அட்டையை எடுத்தாள். அந்தக் கல்லூரி முழுவதிலும், அவள் இருந்ததையும் இல்லாததையும் ஒழுங்காகக் கவனித்து வைத்திருந்த ஒரே ஆளை யாரும் குழுவுக்குக் கூப்பிடவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. லவோனின் பெயர் எந்தப் படிவத்திலும் இல்லை. பெகிமாய் சொன்னதை மறந்துவிட்டு, அட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதாள். லவோன் படிவம் எதுவும் எடுக்கவில்லை. முக்காலியை விட்டு இறங்கி, அவளுக்காக ஒரு தட்டை எடுத்து வந்தார்.

முதல் இரண்டு நாள் சுலபமாகப் போனது. மூன்றாம் நாளிலிருந்து சிரமம் தொடங்கியது. சுருங்கிப்போன வயிறு, அதில் இத்தனை பாலாடையும் இறைச்சியும். ஒவ்வொரு ‘பீப்’ சத்தத்துக்கும் அவள் தோள் குலுங்கியது. அது இப்போது இரண்டு கோடு போட்டது. அவள் இருக்கிறாள் என்பதற்கு ஒன்று, வரிக்கு ஒன்று. நான்காம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி எடுத்தாள். வாந்தி எடுத்த வேளை எண்ணப்படுமா என்று வரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். கர்ட் அரை மணியில் பதில் போட்டார். ‘இருப்புக்கு அது குழுவின் முடிவு. வரிக்கு நிச்சயமாக உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

"அவன் கிடக்கான்" என்றார் லவோன் விஷயம் கேட்டு. "நீ வந்து அட்டையைத் தேய். கஞ்சி மட்டும் குடி. தட்டுல என்ன இருந்துச்சுன்னு இந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"பொய் ஆயிடாதா?"

"கஞ்சி சாப்பாடு இல்லையா? எங்க வீட்ல அதுதான் சாப்பாடு."

இருபத்தோராவது வேளை புதன்கிழமை மாலை வந்தது. பெகிமாய் துணைக்கு வந்திருந்தாள். தவோங்கா ஒரு கிண்ணம் கஞ்சியை, தேர்வு எழுதுகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து குடித்து முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. பெகிமாய் மட்டும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் பதினேழு, காலை பதினொன்றரைக்குத் தீர்ப்பு வந்தது. ‘மறு அறிவிப்பு வரும்வரை நீங்கள் இருக்கிறீர்கள்.’ இருப்பதால் உதவித்தொகை திரும்பி வந்தது. உதவித்தொகை வந்ததால் வரியும் திரும்பி வந்தது. அந்த வரியைக் கல்லூரியே ஓர் அவசர மானியமாகக் கட்டிவிடும் என்றும், அந்த மானியம் படிப்புக்கானது அல்ல என்பதால் அதுவும் அவளுடைய வருமானமே என்றும், அதைப் பற்றி அடுத்த மார்ச்சில் மகிழ்ச்சியோடு பேசலாம் என்றும் இருந்தது. தடை நீங்கியது. பன்னிரண்டு மணிக்கு அவள் மூன்றாம் ஆண்டுக்குப் பதிவு செய்தாள். பதிவாகிவிட்டதா என்று ஆறு முறை திறந்து பார்த்தாள். ஆறு முறையும் அவள் பெயர் அங்கே இருந்தது.

பிறகுதான் ஊருக்குப் பேசினாள். ரும்பியில் அப்போது மாலை. இத்தனை நாள் அம்மாவிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் பதிவு முடிந்தது, மூன்றாம் ஆண்டு போகிறேன் என்பதை மட்டும் சொன்னாள். அம்மா சர்ச்சில் சொல்லப் போவதாகச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் சொல்லப் போவதாகச் சொன்னார், அத்தைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அவர்களிடமெல்லாம் சொல்லப் போவதாகச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுக்கொண்டே தவோங்கா விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் இதமாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

"சாப்பிட்டியா, மகளே?" என்று கேட்டார் அம்மா.

தவோங்கா சட்டென்று எழுந்து நின்றாள். படிக்குப் பின்னாலும் புல்வெளிப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, குரலை அடக்கிக் கேட்டாள்.

"அம்மா, இதை யாரு கேக்கச் சொன்னாங்க?"